அம்மா கோத்த மாவிலை

நான் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டபோது அம்மா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "நான் கோக்கிற இலை அந்த நாட்டுக்குத்தான் போகிறதாம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா."

சீனாவின் கிழக்கே, ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அங்கே ஒரு பட்டறையில் அம்மாவுக்கு வேலை. பச்சை பிளாஸ்டிக் இலைகளையும் ஆரஞ்சு நிறப் பூக்களையும் ஒரு நாடாவில் வரிசையாகக் கோத்துக் கட்ட வேண்டும். பதினாறு வருடமாக இதே வேலைதான். வலது தோள்பட்டை போய்விட்டது. கையைத் தூக்கித் தலைவார முடியாது. இப்போது பட்டறையை ஊருக்கு வெளியே பெரிய கொட்டகைக்கு மாற்றுகிறார்கள். வருகிறாயா, வேலையை விட்டு நின்றுகொள்கிறாயா என்று முதலாளி கேட்டிருக்கிறார். சீனப் புத்தாண்டான வசந்த விழா விடுமுறைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா அந்தப் பதிலைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். "யாருக்காவது உபயோகப்படுகிறது என்றால் போகிறேன். வாங்கி எறிகிற சாமான் என்றால் நின்றுகொள்கிறேன்."

அவள் நின்றுகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பெய்ஜிங்கில் இதழியல் படிக்கிறேன். கூடவே நான்கு வருடம் தமிழும் படித்தேன். ஆசிரியை எனக்கு வைத்த தமிழ்ப் பெயர் கயல். கடைசி வருடக் கட்டுரைக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை தொடர வேண்டும். வகுப்பில் பலர் கைப்பேசியையும் காலணியையும் எடுத்துக்கொண்டார்கள். நான் அம்மாவின் இலையை எடுத்துக்கொண்டேன். அது அம்மாவின் இலை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

முதல் நாள் காலை சித்ரா அக்கா ஸ்கூட்டரில் வந்து அழைத்துப்போனார். அவர் எங்கள் தமிழ் ஆசிரியையின் தோழி. உள்ளூர் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். பீளமேட்டில் அடுக்குமாடி வீடு. என் பையும் நானும் அவருமாக ஒரே ஸ்கூட்டரில், ஒரு மேம்பாலத்தின் தூண்களுக்கிடையே, இரண்டு பேருந்துகளின் நடுவே புகுந்து போனோம். நான் கண்களை மூடிக்கொண்டேன். "கண்ணத் தொற கண்ணு, ஊரப் பாரு," என்று முன்னாலிருந்து அதட்டல் வந்தது.

அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. எதிர்வீட்டு வாசற்படிக்கு மேலே அம்மாவின் இலை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை இலை, ஆரஞ்சுப் பூ, பச்சை இலை, ஆரஞ்சுப் பூ. நான் அப்படியே நின்றுவிட்டேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு என்னை மறுபடி கீழே கொண்டுபோய்விட்டது.

கீழே போய் மேலே வருவதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. 'மாவிலைத் தோரணம்' என்ற சொல்லைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். வாசலில் கட்டுவது, மங்கலத்தின் அடையாளம் என்றெல்லாம் விளக்கமும் எழுதியிருக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மாவின் மடியில் கிடந்தது அதுதான் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. பட்டறைப் பெண்கள் அது தேயிலையா, பீச் இலையா என்று பதினாறு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காலைச் சாப்பாடு சந்தகை. வேகவைத்த அரிசி மாவை அச்சில் பிழிந்து நூல் நூலாக எடுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஊரிலும் அரிசி நூல் உண்டு. அதை எலும்புச் சாற்றில் போட்டு உறிஞ்சுவோம். இது கரைந்து தானாகவே தொண்டைக்குள் போகிறது. மூன்று தட்டு சாப்பிட்டேன். "இன்னொன்னே ஒன்னு," என்று நாலாவதும் வந்தது.

சாப்பிட்டதும் எதிர்வீட்டு அம்மாளிடம் போய்ப் பேட்டி எடுத்தேன்.

"ஆன்லைன்ல ஆஃபர் போட்டிருந்தாங்க கண்ணு. ரெண்டு வாங்குனா ஒன்னு ஃப்ரீ. மாட்டிப்போட்டேன்."

"எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?"

"தூசு புடிக்கற வரைக்கும். அப்பறம் குப்பைக்காரம்மாகிட்டப் போட்டுட்டு வேற வாங்கிக்கறதுதான்."

சித்ரா அக்கா இன்னும் கறாராகச் சொன்னார். "பிளாஸ்டிக் தோரணத்தப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்க தோட்டத்துல மாமரம் நிக்குது. ஓசியில கெடைக்கற தழைக்கு எவனாச்சும் காசு குடுத்துச் சைனா சரக்கு வாங்குவானா?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. சைனா என்று சொன்னதற்குத்தான் சங்கடப்பட்டார்.

நான் குறிப்பேட்டில் 'வாங்கி எறிகிற சாமான்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மாலையில் பெரிய வணிக வளாகம் ஒன்றுக்குப் போனோம். பொங்கல் சலுகைப் பலகைகள் கூரையிலிருந்து தொங்கின. பொருட்களை நேரலையில் விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு நான் ஒரு கோடை முழுக்க வசனம் எழுதியிருக்கிறேன். 'இந்தக் களிம்பை வாங்காதவள் தன்னையே நேசிக்காதவள்' என்பது என் கைவண்ணம். படிப்பு முடிந்ததும் வா என்று அவர்கள் மேசை போட்டு வைத்திருக்கிறார்கள். என் வசனத்தின் தங்கை ஒன்று இங்கே தமிழில் தொங்குவதைப் பார்த்தபோது ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் ஒப்பணக்கார வீதி. பண்டிகைக்கு முந்தைய கூட்டம். நான் நடக்கவில்லை, தூக்கிச் செல்லப்பட்டேன். ஒரு சாமான் கடையில் சாக்கு சாக்காக அம்மாவின் இலை குவிந்திருந்தது.

"மணிப்பூருங்களா அம்மணி?" என்றார் கடைக்காரர்.

"இல்லை, சீனா."

"அட! சரக்கோட ஆளும் வந்துருச்சா!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். ஒரு தோரணத்தை எடுத்து முடிச்சைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா போட்டதா, பக்கத்து இருக்கைக்காரி போட்டதா, யாரால் சொல்ல முடியும்? எல்லா முடிச்சும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்தானுங்க. எங்க கட்டுவாங்க, என்ன பண்ணுவாங்கன்னெல்லாம் நாங்க கேக்கறதில்லீங்க."

அன்று தெருவோரத் தள்ளுவண்டியில் 'காளான்' சாப்பிட்டேன். சுடச்சுட, காரசாரமாக, மேலே வெங்காயம் தூவித் தந்தார்கள். இரண்டாவது தட்டு கேட்டபோதுதான் சித்ரா அக்கா அது முக்கால்வாசி முட்டைக்கோஸ் என்று சொன்னார். ஊர் மொத்தத்துக்கும் தெரியுமாம். தெரிந்தேதான் காளான் என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த ஊர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சோமனூர். சித்ரா அக்காவின் உறவினர் ஒருவருக்கு அங்கே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. இருபது தறிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெண் ஆறு தறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஓர் இழை அறுந்தது அவருக்கு மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ, போய் முடிந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது, இந்தத் துணி எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டேன்.

"லாரி வரும், ஏத்திக்கிட்டுப் போகும். அக்கட்டால அது சட்டையாவுதா, தலகாணி உறையாவுதா, ஆருக்குத் தெரியும் கண்ணு?"

"தெரிந்துகொள்ள ஆசையில்லையா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆசையில்லாம இருக்குமா? ஆரு வந்து சொல்றாங்க?"

எங்கள் நாட்டில் என் வயதுக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. ஓடி ஓடி என்ன கண்டோம், பேசாமல் படுத்துக்கொள்வோம் என்பார்கள். நானும் விடுதி அறையில் சொல்லியிருக்கிறேன். அன்று திரும்பும் வழியில் அது நினைவுக்கு வந்து கூசியது. படுத்துக்கொள்வது பற்றிப் பேசுவதற்கு எனக்கு நேரமும் கட்டிலும் கொடுத்தது அம்மாவின் தோள்பட்டை. அவள் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள். அதற்கும் எனக்குச் சாதகமான பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் நாள் பொங்கலுக்கு முந்தைய தினம். கொங்கு நாட்டில் அன்றைக்குக் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, வீட்டுக் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் வயலிலும் செருகுகிறார்கள். சித்ரா அக்காவின் அம்மா வீடு கிணத்துக்கடவில். சித்ரா அக்கா முந்தின மாலையே போய்விட்டார். என்னை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி வரச்சொன்னார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் மடியில் ஒரு பை நிறைய வரமிளகாய் வைத்திருந்தார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நியாயம் கேட்டு அரைத்துப் பூசப் போகிறாராம். யாரோ அவருடைய கிணற்று மோட்டாரின் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"காவல் நிலையத்தில் சொல்லவில்லையா?"

"அங்கயும் சொல்லியாச்சு அம்மணி. இது அப்பீலு."

அம்மன் அங்கே படுத்த நிலையில் இருப்பதாக அவர் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. படுத்துக்கொண்டே நியாயம் வழங்கும் தெய்வத்தை எங்கள் விடுதிப் பெண்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு சுவாரசியத்தில் நான் ஏறியது விரைவுப் பேருந்து என்பதைக் கவனிக்கவில்லை. கிணத்துக்கடவு மேம்பாலத்தின்மேல் பஸ் ஏறியது. ஊர் காலடியில் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து கத்தினேன்.

"ஏனுங்க அம்மணி, இது இங்க நிக்காதுங்களே!" என்று கண்டக்டர் பதறினார். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டினார். பஸ் மொத்தமும் எனக்காக வழக்காடியது. பாலம் இறங்கியதும் டிரைவர் ஓரம் கட்டினார். மிளகாய்க்காரம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று பஸ் கிளம்பும்வரை காட்டிக்கொண்டேயிருந்தார்.

வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தேன். இருபக்கமும் தென்னந்தோப்பு, தொலைவில் நீலமாக மலை. வழியில் ஒரே மாதிரியான சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒரு வாசலில் ஒரு தோரணம். இலை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பூ ஆரஞ்சு நிறம் போய் எலும்பு நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் ஓர் இலைகூட உதிரவில்லை. துடைத்துச் சுத்தமாக, கோணல் இல்லாமல் கட்டியிருந்தது.

கையில் வேப்பிலையோடு ஒரு பெண் வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "ஏனுங்க அம்மணி, ஆரைப் பாக்கோணும்?"

"இந்தத் தோரணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"பொஸ்தகமாட்டப் பேசறீங்க!" என்று சிரித்தார். "வெயில்ல நிக்காதீங்கோ, உள்ள வாங்கோ."

அவரைத் துளசிமணி என்று சொல்கிறேன்; உண்மைப் பெயர் வேறு. தேங்காய் நார் மில்லில் வேலை செய்கிறார். எனக்கு மோர் கொடுத்துவிட்டுக் கூரையில் காப்புச் செருகினார். இத்தனை பச்சைத் தழை கையில் இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்டேன்.

"இதெல்லாம் ரோட்டோரத்துல, பொறம்போக்குல வெளையறது கண்ணு. ஆரையும் கேக்க வேண்டியதில்ல. மாவெல அப்பிடியா? மரம் தோட்டத்துக்காரங்களுது. பொங்கலு, தீவாளின்னு நோம்பிக்கு நோம்பி விடியால போயி தோட்டத்து வாசல்ல நிப்பேன். ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்ல, நல்ல சனம். அவிய ஊட்டுக்குக் கட்டி முடிச்சு, மிச்சத்த எடுத்துக் குடுப்பாங்க. அதுவரைக்கும் நிக்கோணுமல்ல? எம்புள்ளயும் கூட வந்து நிக்கும். பெரிய கிளாசுக்குப் போனதுக்கப்பறம் நான் வரமாட்டேன்னு சொல்லிருச்சு. சரின்னு சந்தையில இத வாங்கிக் கட்டிப்போட்டேன். நாலு வருசமாச்சு. எந்த நோம்பிக்கும் ஆரு வாசல்லயும் போயி நிக்கல."

நான் மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு, பெய்ஜிங்கில் யாரிடமும் சொல்லாததை, அரைமணி நேரப் பழக்கத்தில் அவரிடம் சொன்னேன். "இதைக் கட்டுவது என் அம்மாவின் வேலை."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தோரணத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "உங்கம்மாவா? கையாலயா? நானு மிசினுன்னு நெனச்சிருந்தேன்." பிறகு அவரும் ஒன்று கேட்டார். "எங்க மில்லு நாரு உங்க நாட்டுக்குத்தான் போகுதுங்கறாங்க. மெத்தைக்காமா. நெசமா கண்ணு?"

எங்கள் வீட்டு மெத்தை நார் மெத்தைதான். எந்த ஊர் நார் என்று தெரியாது. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்!

"அப்ப உங்கம்மாளுக்கு நல்லாத் தூக்கம் வருமல்ல?"

"வராது. தோள் வலி." பட்டறை மாறுவதையும், அம்மா என்னிடம் கேட்டனுப்பியதையும் சொன்னேன்.

"அட, வேலைய உட்டுப்போடச் சொல்லு கண்ணு! எனக்கு இதொன்னு போதும். இன்னம் பத்து வருசத்துக்குத் தாங்கும்."

எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ. தோட்டத்துக்காரங்க மனசு நோகாம எழுது," என்றார். அது எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு வழி கேட்டதும், மாவிலைக்குத் தான் போய் நின்ற தோட்டத்தை அவரே அடையாளமாகக் கை காட்டினார். சித்ரா அக்காவின் அம்மா வீடு இருந்ததும் அதில்தான்.

அங்கே அரிசிம்பருப்பு சாதம் ஆவி பறக்கக் காத்திருந்தது. சித்ரா அக்காவின் அம்மா அதில் குழி பறித்து நெய் ஊற்றினார். வாசலில் புத்தம் புதிய மாவிலை. சாப்பிட்டு முடித்ததும் சித்ரா அக்காவிடம் மொட்டைமாடியில் எல்லாவற்றையும் சொன்னேன், என் அம்மாவைப் பற்றியும். அவர் மாமரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லையே கயல்," என்றார்.

"அந்த அக்காவும் அதைத்தான் சொன்னார்."

சித்ரா அக்கா என் கைப்பேசியை எடுத்து, "அம்மாவக் கூப்பிடு," என்று என் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போனார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மாவை வீடியோவில் அழைத்தேன். அவள் தோளில் வெந்நீர்ப் பை வைத்துக் கட்டியிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் சொன்னதை மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. நாளையிலிருந்து அம்மா வீட்டில் இருப்பாள். அந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்வரை கொண்டுவந்தேன். ஆனால் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்த துளசிமணி அக்காவின் முகம் என்னை விடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குப்பைக்குப் போவதைச் சொன்னேன். அது மாவிலை என்று சொன்னேன். நான்கு வருடமாக யார் வாசலிலும் போய் நிற்காத ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னேன். துளசிமணி அக்காவின் அனுமதியோடு எடுத்த படத்தை அனுப்பினேன்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தது அவள் நெற்றி மட்டும்தான்.

"இப்படியா வெளுப்பது?" என்றாள் கடைசியில். குரலில் கோபம். "வாசல் எந்தத் திசை?"

"மேற்கு."

"வெயில் தாங்குகிற சாயம் இருக்கிறது. புது இடத்துக்குப் போனதும் முதல் காரியமாக முதலாளியிடம் சொல்கிறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. எரிச்சலா பெருமையா, எனக்கே தெரியவில்லை. "அம்மா, அந்த வீட்டு அக்காவே உன்னை வேலையை விடச் சொன்னார். ஒன்று போதும் என்று சொன்னார்," என்றேன்.

"சொல்வாள்," என்றாள் அம்மா. "அவளிடம்தான் ஒன்று இருக்கிறதே."